வாசகர் கேள்வி – பதில்: காணாமற்போன நிலாக்கற்களைத் தேடி

கேள்வி: நிலாவிலிருந்து கொண்டுவந்த கல்லை அமெரிக்கா பல நாடுகளுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது என்றும், அவற்றுள் பல இன்று இருக்குமிடமே தெரியவில்லை என்றும் என் பேரன் சொல்கிறான். நாட்டுத் தலைவர்களிடம் நேரில் கொடுத்த பொருள் எப்படி ஐயா தொலையும்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் பேரன் சொல்வது உண்மைதான். அமெரிக்க அதிபராக இருந்த ரிச்சர்ட் நிக்சன் இருமுறை இத்தகைய அன்பளிப்புகளை அனுப்பிவைத்தார். 1969 ஜூலையில் அப்பல்லோ 11 வீரர்கள் நிலாவில் இறங்கித் திரும்பியதை ஒட்டி முதல் அன்பளிப்பும், 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 சென்று திரும்பியதை ஒட்டி இரண்டாவதும் உருவாயின. ஒவ்வொரு முறையும் 135 நாடுகளும், அமெரிக்காவின் 50 மாநிலங்களும், அதன் ஆட்சிப்பகுதிகளும் அவற்றைப் பெற்றுக்கொண்டன.

அப்பல்லோ 11 அன்பளிப்பு, மேசைமேல் வைக்கத்தக்க ஒரு சிறிய மரப்பலகை. அதில் பதித்த அக்ரிலிக் வில்லைக்குள் அரிசிமணி அளவுகூட இல்லாத நான்கு துகள்கள் இருக்கும். நான்கும் சேர்ந்து ஏறத்தாழ 0.05 கிராம். அதனோடு, பெற்றுக்கொள்ளும் நாட்டின் சிறிய கொடி ஒன்று இருக்கும். அந்தக் கொடி அப்பல்லோ 11 கலத்தில் நிலாவுக்குச் சென்று திரும்பியது என்ற குறிப்பும், அந்நாட்டு மக்களுக்கு அதிபர் நிக்சன் வழங்கியது என்ற வாசகமும் பலகையில் பொறிக்கப்பட்டிருக்கும்.

அப்பல்லோ 17 அன்பளிப்பு சற்றே பெரியது. நிலாவில் கடைசியாக நடந்த மனிதர்களான யூஜின் செர்னனும் ஹாரிசன் ஷ்மிட்டும், டாரஸ்–லிட்ரோ பள்ளத்தாக்கை விட்டுப் புறப்படுமுன், தொலைக்காட்சிக் கேமராவின் முன் ஒரு கல்லைக் கையில் ஏந்தி, அதன் துண்டுகளை உலக நாடுகளோடு பகிர்ந்துகொள்ள விரும்புவதாக அறிவித்தனர். கிட்டத்தட்ட 3 கிலோ எடையுள்ள அந்த எரிமலைப் பாறைக்கு நாசா இட்ட எண் 70017. அதிலிருந்து ஏறத்தாழ 1.1 கிராம் எடையுள்ள துண்டுகளை வெட்டி, ஒவ்வொன்றையும் ஓர் அக்ரிலிக் உருண்டைக்குள் அடைத்து, பத்து அங்குலத்துக்குப் பதினான்கு அங்குலம் கொண்ட மரப்பலகையில் அந்தந்த நாட்டுக் கொடியுடன் பதித்து, 1973-ஆம் ஆண்டு முதல் வழங்கினர்.

பலகையில் ‘மக்களுக்கு’ என்று எழுதியிருந்தாலும் அதை வாங்கியது ஆட்சியில் இருந்தவரின் கை. கொடுத்த நொடியிலேயே பொருள் பெற்றவர்களுக்கு உரிமையாகிவிட்டதால், அது பின்னர் எங்கே போயிற்று என்ற கணக்கை நாசா வைத்துக்கொள்ளவில்லை. பெற்ற பக்கத்திலோ, அதை அருங்காட்சியகத்தின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றுவதா, தலைவரின் அலுவலக அறைக்குரிய அலங்காரமாக வைத்துக்கொள்வதா, பதவி விலகும்போது அவர் எடுத்துச்செல்லும் தனிப்பட்ட நினைவுப்பரிசுகளோடு சேர்ப்பதா என்று யாரும் முடிவு செய்யவில்லை. 1970-களில் ஆட்சிக் கவிழ்ப்புகளும் உள்நாட்டுப் போர்களும் பல நாடுகளை உலுக்கின. மாளிகையைக் காலி செய்பவர்கள் நாற்காலிகளை எண்ணினார்களே தவிர, சுவரோரம் சாய்ந்திருந்த பலகையை எண்ணவில்லை.

கேள்வி: இவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கென்றே ஒருவர் இருக்கிறாராமே, அவர் யார்? அவர் முதலில் கண்டுபிடித்தது எந்த நாட்டுக் கல்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: ஜோசப் குதைன்ஸ். நாசாவின் தலைமை ஆய்வாளர் அலுவலகத்தில் சிறப்புப் புலனாய்வு அதிகாரியாக இருந்தவர், பின்னர் வழக்கறிஞரானார். அவர் தொடங்கிய முதல் வேட்டை, உண்மையான கற்களைத் தேடுவதற்காக ஏற்பட்டதே அல்ல. போலி நிலாக்கற்களைக் காட்டி மக்களிடம் பணம் பறிப்போரைப் பிடிக்கவே 1998-ஆம் ஆண்டு ‘நிலா மறைப்பு’ என்னும் பொருளுடைய பெயரில் ஒரு மறைமுக நடவடிக்கையை அவர் தொடங்கினார். நிலாக்கற்கள் விலைக்குத் தேவை என்று ‘யூ.எஸ்.ஏ. டுடே’ நாளிதழில், இல்லாத ஒரு நிறுவனத்தின் பெயரில் விளம்பரம் கொடுத்துவிட்டு, போலிக்காரர்களின் அழைப்புக்காகக் காத்திருந்தனர்.

வந்த அழைப்புகளில் ஒன்று வேறு வகையானது. புளோரிடாவைச் சேர்ந்த ஒரு வணிகர், தம்மிடம் மெய்யான கல் இருப்பதாகவும் விலை 50 லட்சம் டாலர் என்றும் கூறினார். அவர் வருணித்த பலகை, உருண்டை, கொடி ஆகிய மூன்றும் அப்பல்லோ 17 அன்பளிப்பின் அடையாளங்களாக இருந்தன. கொடி ஹோண்டுராஸ் நாட்டுடையது. கல்லைக் காட்டவேண்டுமானால் பணம் இருப்பதை முதலில் காட்டவேண்டும் என்று அவர் நிபந்தனை விதித்தார். அவ்வளவு பெரிய தொகையை அரசுத்துறை ஏற்பாடு செய்ய இயலாத நிலையில், தொழிலதிபரும் முன்னாள் அதிபர் வேட்பாளருமான ராஸ் பெரோ அதைக் கொடுத்து உதவினார். அந்த ஆண்டின் இறுதியில் மயாமியில் கல் பறிமுதல் செய்யப்பட்டது.

அதன் பிறகு நடந்த வழக்கைத்தான் இந்த வரலாற்றின் மிக முக்கியமான பகுதியாக நான் கருதுகிறேன். பொருளையே எதிர்வாதியாக நிறுத்தும் அமெரிக்கச் சட்ட மரபின்படி, அந்த வழக்கு ‘நிலாப்பொருள் அடங்கிய ஓர் அக்ரிலிக் உருண்டைக்கும் ஒரு மரப்பலகைக்கும்’ எதிராகத் தொடுக்கப்பட்டது. வணிகரின் வாதம் எளிமையானது: ஹோண்டுராஸ் ராணுவத்தில் ஓய்வுபெற்ற கர்னல் ஒருவரிடம் 50,000 டாலர் விலை பேசி வாங்கினேன், ஆகவே பொருள் எனக்குச் சொந்தம். நீதிமன்றமோ, விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்ததா என்ற கேள்வியை அமெரிக்கச் சட்டத்தைக் கொண்டு பார்க்காமல், ஹோண்டுராஸ் சட்டத்தைக் கொண்டு பார்த்தது. அந்நாட்டுச் சட்டத்தில் புலமை பெற்ற நிபுணரின் கருத்தைக் கேட்டு, அந்நாட்டு மக்களுக்கு வழங்கப்பட்ட அன்பளிப்பு பொதுச்சொத்து என்றும், சட்டப்படியான ஒப்புதலின்றி எந்த அதிகாரியும் அதைக் கைமாற்ற முடியாது என்றும், 1990-க்கும் 1994-க்கும் இடையில் அது அதிபர் மாளிகையிலிருந்து திருடப்பட்டது என்றும் 2003-இல் தீர்ப்பளித்தது. இதன்படி, இடையில் எத்தனை பேர் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், அந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே செல்லாததாகிவிட்டது.

கல் முறைப்படி ஹோண்டுராஸிடம் ஒப்படைக்கப்பட்டு, தலைநகர் தெகுசிகால்பாவில் சிறுவர்களுக்கென அமைந்த ‘சிமினிக்கே’ அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

கேள்வி: காவல்துறையின் பலமோ பணமோ இல்லாதவர்கள் இத்தகைய பொருளை எப்படித் தேடுவது? நான் அரசு அலுவலகத்தில் பதிவேடுகளோடு முப்பது ஆண்டுகள் பணிபுரிந்தவன், அதனால் கேட்கிறேன்.
– வாசகர், விழுப்புரம்

பதில்: பதிவேடுகளை அறிந்தவர் என்பதால் உங்களுக்கு இந்தப் பதில் எளிதில் புரியும். பணி ஓய்வுக்குப் பின் கல்லூரியில் குற்றவியல் கற்பித்த குதைன்ஸ், 2002-ஆம் ஆண்டு முதல் தம் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். ஆளுக்கு ஒரு மாநிலத்தையோ நாட்டையோ எடுத்துக்கொண்டு, அதற்குரிய கல் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த மாணவர்களிடம் தொலைபேசியும் கடிதமும் பழைய நாளிதழ்களும் மட்டுமே இருந்தன.

தேடலின் முதற்படி, பொருள் கைமாறிய நாளைப் பற்றிய செய்தியைப் பிடிப்பது. அன்பளிப்பு வழங்கிய நாளில் உள்ளூர் நாளிதழில் புகைப்படத்தோடு செய்தி வந்திருக்கும். யார் கொடுத்தார், யார் வாங்கினார், எந்தக் கட்டடத்தில் என்பதெல்லாம் அதில் இருக்கும். இரண்டாவது, வாங்கியவர் பதவியிலிருந்து விலகிய நாள். என் கணிப்பில் தேடுபவர் மிக அதிகமாக உழைக்க வேண்டிய இடம் இதுதான், ஏனென்றால் பொருள் பதிவேட்டிலிருந்து நழுவுவது பெரும்பாலும் பொறுப்பு ஒப்படைக்கும் அந்த ஓரிரு வாரங்களில்தான். அருங்காட்சியகத்துக்கு முதலில் கடிதம் எழுதுபவர்களுக்கு ‘எங்கள் பட்டியலில் இல்லை’ என்ற பதில் வரும். அதோடு தேடலும் நின்றுவிடும். பதவி விலகியவரின் வீட்டையும் அவருடைய தனிக்கோப்புகளையும் தொடர்ந்து சென்றவர்களே பொருளைக் கண்டார்கள்.

கொலராடோ மாநிலத்தின் கதை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 1974-இல் அப்பல்லோ 17 பலகையைப் பெற்றவர் அப்போதைய ஆளுநர் ஜான் வாண்டர்ஹூஃப். அது எங்கே இருக்கிறது என்று மாநில அலுவலகங்கள் எதற்கும் தெரியவில்லை. 2010-இல் அது பற்றிய விசாரணை எழுந்து, அப்போது எண்பது வயதைக் கடந்திருந்த அவரிடமே கேட்டபோது, அது தம் வீட்டில்தான் இருக்கிறது என்றார். எந்த மறைப்பும் இல்லை. முப்பத்தைந்து ஆண்டுகளாக அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவே. கல் இப்போது கொலராடோ சுரங்கவியல் கல்லூரியின் நிலவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மிசூரி மாநிலத்தின் கல், முன்னாள் ஆளுநர் கிட் பாண்ட் செனட்டராகப் பணியாற்றிய காலத்தில் அவருடைய உடைமைகளுக்கிடையே கண்டெடுக்கப்பட்டது. ஆர்கன்சாவின் கல், 2011-இல், பில் கிளின்டன் ஆளுநராக இருந்த காலத்துக் காகிதங்கள் அடங்கிய பெட்டி ஒன்றை ஆவணக்காப்பாளர் பிரித்தபோது வெளிவந்தது. ஹவாய் மாநிலத்தின் கல், பரிசுப்பொருள்களைக் கணக்கெடுத்தபோது ஆளுநர் அலுவலகத்திலேயே பூட்டிய அலமாரியில் இருந்தது. மேற்கு வர்ஜீனியாவில், ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர், முன்னாள் ஆளுநரோடு வணிகத் தொடர்பு கொண்டிருந்த தம் காலஞ்சென்ற சகோதரரின் பொருள்களோடு வந்த பலகையைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள் என்பதைச் செய்தியைப் பார்த்து அறிந்து, தாமே முன்வந்து கொடுத்தார். இந்த வகையில் என்னை மிகவும் வருத்திய செய்தி லூசியானா மாநிலத்துப் பலகையைப் பற்றியது. புளோரிடாவில் பழம்பொருள் விற்பனையில் மற்றப் பலகைகளோடு கலந்து விலைபோன அதை வாங்கியவர், துப்பாக்கிக் கைப்பிடி செய்ய நல்ல மரம் கிடைக்கும் என்பதற்காக அத்தகைய பலகைகளை வாங்கி வந்தவர். பின்னொரு நாள் அதில் இருந்த எழுத்தை அவர் படித்துப் பார்த்ததால் கல் தப்பியது.

ஆகவே உங்கள் அனுபவத்தைக் கொண்டு ஒரு பொருளைத் தேட முனைந்தால், வரவுப் பதிவேட்டைக் காட்டிலும் ஒப்படைப்புப் பட்டியல்களைக் கேளுங்கள். இரண்டு அதிகாரிகளின் பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்த்தால், எந்த ஆண்டில் அந்த வரி விடுபட்டது என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: மீட்கவே முடியாதபடி அழிந்த கற்கள் உண்டா?
– வாசகி, ஈரோடு

பதில்: உண்டு. அயர்லாந்தின் அப்பல்லோ 11 கல், டப்ளின் நகரை அடுத்த டன்சிங்க் வானாய்வகத்தில் இருந்தது. 1977 அக்டோபரில் அங்கே தீப்பிடித்தது. இடிபாடுகளை அள்ளி அருகிலிருந்த குப்பைக் கிடங்கில் கொட்டியபோது கல்லும் அதோடு போயிற்று. குப்பைக் கிடங்கின் மண்ணுக்குள் 0.05 கிராம் துகளைத் தேடுவது ஆகாத காரியம். மால்டாவின் அப்பல்லோ 17 கல் 2004-இல் எம்டினா நகரத்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து திருடப்பட்டது. அது அழியவில்லை, எங்கோ ஒருவர் கையில் இருக்கிறது என்று நம்ப இடமிருக்கிறது. உலகம் முழுவதும் தெரிந்த திருட்டுப்பொருளை வெளிப்படையாக விற்க வழியில்லை.

கேள்வி: ஒருவர் ‘இது நிலாக்கல்’ என்று கொண்டுவந்து காட்டினால், அது மெய்யா போலியா என்பதை எப்படி அறிவது? ஆய்வுக்கூடம் இல்லாமல் அறிய முடியுமா?
– கல்லூரி மாணவர், திருச்சிராப்பள்ளி

பதில்: ஆய்வுக்கூடம் இறுதி முடிவைச் சொல்லும். நிலாவின் எரிமலைப் பாறைகளில் நீர் கலந்த கனிமங்கள் ஏறக்குறைய இருப்பதில்லை. பூமிப் பாறைகளில் காற்றும் நீரும் பட்டு விளையும் மாற்றங்கள் அவற்றில் இல்லை. துருப்பிடிக்காத உலோக இரும்பு நுண்துகள்களாகக் காணப்படும். ஆனால் ஆய்வுக்கூடம் வரை போவதற்கு முன்பே, காகிதத்தைக் கொண்டு பாதி வழக்கைத் தீர்த்துவிடலாம்.

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் நடந்ததைப் பாருங்கள். நெதர்லாந்தின் முன்னாள் பிரதமர் வில்லம் ட்ரேஸ் 1988-இல் மறைந்தபின், அவருடைய உடைமைகளிலிருந்து ஒரு செந்நிறக் கல் அங்கே வந்து சேர்ந்தது. அப்பல்லோ 11 வீரர்கள் 1969 அக்டோபரில் நெதர்லாந்துக்கு வந்ததன் நினைவாக அமெரிக்கத் தூதர் அளித்தது என்ற அட்டையும் உடன் இருந்தது. நாசாவிடம் தொலைபேசியில் கேட்டபோது, இருக்கலாம் என்ற பதில் கிடைத்தது. 2009-இல் வல்லுநர்கள் ஆராய்ந்தபோது அது கல்லாகிப்போன மரத்துண்டு என்று தெரியவந்தது.

அந்த அட்டையைக் கவனித்துப் படித்திருந்தால் ஐயம் அன்றே எழுந்திருக்கும். வீரர்களின் வருகையின் நினைவாக என்று அது சொல்கிறதே ஒழிய, கல் நிலாவிலிருந்து வந்தது என்று சொல்லவில்லை. ட்ரேஸ் 1958-இலேயே பிரதமர் பதவியை விட்டவர். மக்களுக்குரிய அன்பளிப்பைப் பதவியில் இல்லாத ஒருவருக்குக் கொடுக்கக் காரணமில்லை. நிக்சன் நாசாவிடம் அன்பளிப்புப் பலகைகளைச் செய்யச் சொன்னது 1969 நவம்பரில். அட்டை குறிப்பிடும் வருகையோ அதற்கு முந்தைய மாதம். எல்லாவற்றுக்கும் மேலாக, நாடுகளுக்கே துகள்கள்தாம் கிடைத்தன என்றிருக்க, தனி ஒருவருக்கு முழுக்கல் எப்படி வரும்? நெதர்லாந்துக்கு வழங்கப்பட்ட மெய்யான கற்கள் லெய்டன் நகரத்து அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. யாராவது உங்களிடம் உள்ளங்கை நிறையும் நிலாக்கல்லைக் காட்டினால், ஐயப்பட அந்த அளவு ஒன்றே போதும்.

கேள்வி: நிலாக்கல்லை விலைக்கு வாங்க முடியவே முடியாதா? ஏலத்தில் விற்றதாகப் படித்த நினைவு.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அப்பல்லோ வீரர்கள் கொண்டுவந்த 382 கிலோ கற்களிலும் மண்ணிலும், எதையும் அமெரிக்க அரசு தனிமனிதருக்கு உடைமையாக வழங்கியதில்லை. நிலாவிலிருந்து சிதறி, விண்கற்களாகப் பூமியில் விழுந்தவற்றைச் சட்டப்படி வாங்கலாம். நீங்கள் படித்த ஏலச் செய்தி சோவியத் துகள்களைப் பற்றியதாக இருக்கும். 1970-இல் ‘லூனா 16’ என்ற ஆளில்லாக் கலம் நிலாவின் மண்ணைக் கொண்டுவந்தபோது, சோவியத் விண்வெளித் திட்டத்தின் தலைமைப் பொறியாளராக இருந்து 1966-இல் மறைந்த செர்கேய் கொரோலியோவின் மனைவி நினாவுக்கு, 0.2 கிராம் எடையுள்ள மூன்று துகள்களை அரசு அன்பளிப்பாக அளித்தது. அவை சதபீஸ் ஏலத்தில் 1993-இல் 4,42,500 டாலருக்கும், 2018-இல் 8,55,000 டாலருக்கும் விலைபோயின. பெற்றவரின் பெயரும் ஒவ்வொரு கைமாற்றமும் எழுத்தில் இருந்ததால்தான் அந்த விற்பனை நேர்மையாக நடக்க முடிந்தது.

கேள்வி: தெரியாமல் வைத்திருந்தவர் திருப்பிக் கொடுத்தால் அவர்மீது வழக்கு வருமா? இன்னும் எவையெல்லாம் கிடைக்கவில்லை?
– வாசகி, புதுச்சேரி

பதில்: இதுவரை நான் கவனித்த அளவில், தாமாக முன்வந்து கொடுத்தவர்களைத் துன்புறுத்தும் போக்கு இல்லை, கொடுத்தவர்களுக்கு நன்றி கூறி வாங்கிக்கொண்டதே வழக்கம். சைப்ரஸ் நாட்டுக்கென வந்த அப்பல்லோ 17 கல், 1974-ஆம் ஆண்டு ஆட்சிக் கவிழ்ப்பும் துருக்கியப் படையெடுப்பும் நேர்ந்த குழப்பத்தில் அந்நாட்டிடம் ஒப்படைக்கப்படாமலே தூதரகத்தில் தங்கி, பின்னர் ஓர் அமெரிக்கத் தூதரக அதிகாரியின் மகனிடம் போய்ச் சேர்ந்தது. அதை விற்க முயற்சி நடந்தது வெளியே தெரியவந்தும், பேச்சுவார்த்தையின் வழியாகவே 2010-இல் நாசா அதைத் திரும்பப் பெற்றது. நிகரகுவாவின் அப்பல்லோ 11 கல், பல கைகள் மாறி லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதி உரிமையாளர் ஒருவரிடம் இருந்து, அவர் இறந்தபின் 2012-இல் நாசாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அலாஸ்காவில் மட்டும் உரிமை கோரி வழக்கே தொடுக்கப்பட்டது. 1973-இல் ஆங்கரேஜ் நகரில் இருந்த போக்குவரத்து அருங்காட்சியகம் தீக்கிரையானபோது, சாம்பல் குவியலிலிருந்து அந்தப் பலகையைச் சிறுவனாக இருந்தபோது எடுத்துக் காப்பாற்றியவர், எறியப்பட்ட பொருள் என்பதால் அது தமக்கே உரியது என்று வாதாடினார். அவர் எடுத்திராவிட்டால் அது அயர்லாந்துக் கல்லைப் போலவே குப்பைக்குப் போயிருக்கும் என்பதால், அவருடைய வாதத்தில் ஓரளவு நியாயம் இருந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. 2012-இல் அவர் வழக்கைக் கைவிட்டுக் கல்லை மாநிலத்திடம் கொடுத்துவிட்டார்.

அமெரிக்க மாநிலங்களைப் பொறுத்தவரை, 2018-ஆம் ஆண்டு இறுதி நிலவரப்படி, அப்பல்லோ 11 அன்பளிப்புகளில் இரண்டுக்குத்தான் இருப்பிடம் தெரியாமல் இருந்தது. டெலவேர் மாநிலத்தின் கல் 1977 செப்டம்பரில் அதன் அருங்காட்சியகத்திலிருந்து திருடப்பட்டது. காவல்துறையிடம் புகார் பதிவாகியிருப்பதால், அது என்று கிடைத்தாலும் யாருடையது என்பதில் ஐயம் எழாது. நியூயார்க் மாநிலத்தின் நிலைமைதான் கடினமானது. அம்மாநில அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு கல்லைப் பெற்றதற்கான பதிவே இல்லை. எனவே அங்கே தேடுபவர் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆளுநராக இருந்த நெல்சன் ராக்கஃபெல்லரின் அலுவலகக் கோப்புகளிலிருந்தும், அவர் 1973-இல் பதவி விலகியபோது எழுதப்பட்ட ஒப்படைப்புக் காகிதங்களிலிருந்தும்தான் தொடங்க வேண்டும்.